ஆயிரத்து நூறு ஓட்டைகள்

என் அக்காவுக்கு வீட்டில் சல்லடை என்று பெயர். நான் வைத்ததுதான். பத்து வருடமாக அவள் பார்க்கும் வேலை, வானத்தின் படங்களில் ஓட்டை போடுவது.

சிரிக்க வேண்டாம், நான் சிரித்துப் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எக்ஸ்ரே கதிர்களை வாங்கும் தொலைநோக்கியில் பார்த்தால் வானத்தில் எங்குமே முழு இருட்டு கிடையாதாம். ஒரு மங்கல் வெளிச்சம் பரவியிருக்குமாம். அதில் பெரும்பங்கு தூரத்து விண்மீன் மண்டலங்களிலிருந்து வருவது. பளிச்சென்று தெரியும் புள்ளிகளை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டால், தனித்தனியாகத் தெரியாத மண்டலங்களின் வெளிச்சம் மிஞ்சும். அவை சிதறிக் கிடந்தால் மிச்சம் சீராக இருக்கும். கூட்டம் கூட்டமாக இருந்தால் திட்டுத்திட்டாக இருக்கும். அந்தத் திட்டுகளை அளந்துதான் மொத்த வெளிச்சத்தில் அந்த மண்டலங்களின் பங்கைச் சொல்வார்கள். வெட்டுவது அக்கா, அளப்பது அவளுடைய ஆய்வுக்குழுத் தலைவர்.

இந்தமுறை திட்டுகள் யாரும் எதிர்பாராத அளவுக்கு இருந்தன. வெளியூர் ஆட்களெல்லாம் வந்திருந்த கூட்டத்தில் பதினோரு மணிக்குத் தலைவர் அதை அறிவிப்பதாக இருந்தது. அக்காவினுடையது வருடாவருடம் நீட்டிக்கிற ஒப்பந்தம். அந்த மாதத்தோடு முடிகிறது. வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் அவர் கையில். அந்த வேலையைத் தவிர அவளுக்கு வேறொன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

கூட்டத்தன்று காலை சாப்பிடும்போது, நான் செய்து கொடுத்த புதுக் கண்ணாடியைக் குறை சொன்னாள். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். வீட்டில் என் தொழிலுக்கு மரியாதை அவ்வளவுதான்.

"ஓரத்துல பார்த்தா பல்பு இழுத்துக்கிட்டுத் தெரியுதுடா."

"எந்த லென்ஸும் ஓரத்துல அப்படித்தான் காட்டும். நடுவுல பாரு."

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. முகம் வெளுத்தது.

"எல்லாத்துக்கும் நடு அளவையே போட்டுட்டேன்டா."

தொலைநோக்கியும் அப்படித்தானாம். புள்ளி நடுவில் சின்னதாக விழும், ஓரத்தில் பரந்து விழும். அதனால் ஓரத்து ஓட்டை பெரிதாக இருக்க வேண்டும். ஒருநாள் சோதனைக்காக எல்லாவற்றுக்கும் நடு அளவைப் போட்டுப் பார்த்தவள், திருப்பி மாற்ற மறந்திருக்கிறாள். ஓரத்துப் புள்ளிகளின் வெளிச்சம் ஓட்டையைச் சுற்றி மிஞ்சி, மண்டலங்களின் கூட்டம்போல வேஷம் போட்டிருக்கிறது.

தலைவரின் போன் அணைந்திருந்தது. ஸ்கூட்டரில் நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். "சொன்னா என் வேலை போயிடும், சொல்லலைன்னா அவர் மானம் போயிடும்" என்று வழியெல்லாம் முதுகுக்குப் பின்னால் முனகிக்கொண்டே வந்தாள். "பேசாம இருந்துடேன்க்கா" என்று சொல்லியும்விட்டேன். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கம்.

பத்தே முக்காலுக்குள் நாலு படங்களுக்கு ஓட்டையைத் திருத்திப் போட்டாள். திட்டுகளில் பாதியைக் காணவில்லை. அரங்க வாசலில் தலைவரை மறித்துக் காட்டினாள். நான் தூணோரம் நின்றேன்.

"யார் பண்ண தப்பு இது?"

"என்னோடதுதான் சார்."

"கண்டுபிடிச்சது?"

"அதுவும் நான்தான்."

என் லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

அவர் மேடையேறி, "இன்னைக்குச் சொல்றதுக்கு எங்ககிட்ட எண் எதுவும் இல்லை" என்றார். அரங்கம் சலசலத்தது. இறங்கியவர் அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை. நாள் முழுக்க அவள் அறைப்பக்கமும் வரவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் தன் டம்ளரையும் சால்வையையும் பையில் வைத்துக் கட்டிவிட்டாள். அப்போதுதான் வந்தாராம்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?"

சாவியை ஒப்படைக்கத்தான் கூப்பிடுகிறார் என்று அவள் நினைத்துவிட்டாள். "நீங்க சொல்ற நேரத்துக்கு சார்."

"எட்டுக்கு வந்துடுங்க. ஆயிரத்து நூறு ஓட்டை, ஒவ்வொண்ணா திருத்த ரெண்டு மாசமாவது பிடிக்கும். பாதி நான் போடறேன்."