தெரிந்துகொண்டார்

ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கிளம்பிய தக்காளி லாரி ஒன்று எங்கள் காருக்கு முன்னால் போனது. ‘இயேசு உன்னைத் தெரிந்துகொண்டார்’ என்று அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. படித்ததும் எனக்குப் பச்சை மொச்சை வாசனை வந்துவிட்டது.

பல வருஷங்களுக்கு முன்னால், அம்மாவின் அண்ணன் இறந்த மறுவாரம். கோயில் பக்கமே போகாமல் குடித்தே செத்தவர். திண்டுக்கல் வீட்டில் அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருக்க, மாமா மோட்சம் போயிருப்பாரா என்று அப்பாவும் சித்தப்பாவும் வாதாடினார்கள். சித்தப்பா கத்தோலிக்கத்தை விட்டு வேறு சபைக்குப் போயிருந்தார்.

“கடவுள் எல்லாரையும்தான் கூப்பிடுறாரு. வாரதும் வராததும் நம்ம இஷ்டம். மச்சான் வரலையே,” என்றார் அப்பா.

“நம்ம இஷ்டத்துல என்னண்ணே இருக்கு? ஆண்டவர் ஆதியிலேயே தெரிஞ்சுக்கிட்டவங்கதான் வருவாங்க. மச்சானை அவர் தெரிஞ்சுக்கிடலை.”

ஆக, யார் ஜெயித்தாலும் மாமாவுக்கு நரகம்தான்.

சித்தப்பாவின் வேதாகமத்தில் ‘தெரிந்துகொள்வது’ என்ற சொல்லுக்குத் தேர்ந்தெடுப்பது என்று அர்த்தம். அம்மாவுக்குத் தெரிந்ததோ வீட்டில் பேசுகிற தமிழ். முறத்தைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

“எங்கண்ணனைத் தெரியாதா அவருக்கு? அம்புட்டுப் பேரையும் படைச்சவருக்கு அவனை மட்டும் தெரியாமப் போயிருமா?”

சித்தப்பா அர்த்தம் சொல்ல வாயெடுத்தார். அப்பா அவர் தொடையில் கை வைத்து அழுத்தினார். அம்மா முறத்தை மறுபடி இழுத்துக்கொண்டாள்.

“தெரிந்துகொண்டார்னா என்னப்பா?” காரில் என் பக்கத்திலிருந்த மகள் லாரியைப் பார்த்துக் கேட்டாள்.

எனக்கு இரண்டு அர்த்தமும் தெரியும்.

“உன்னை அவருக்கு நல்லாத் தெரியும்னு அர்த்தம்,” என்றேன்.