கோர்ட்டுக்குத் தேய்த்த சட்டை

அத்தானின் வெள்ளைச் சட்டையை நான்தான் தேய்த்தேன். பெட்டியில் சிரட்டைக்கரி போட்டு, காலர் விறைக்கும்வரை தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் போடுகிற சட்டை. அன்று கோர்ட்டுக்கு.

அக்காவின் வீட்டுக்காரர் அவர். எழுபதுகளில் அவரும் நானும் தூத்துக்குடியில் தோணிக்கு மூட்டை ஏற்றினோம். ஒருநாள் கயிறு அறுந்து உப்பு மூட்டைகள் அவர் நெஞ்சில் விழுந்தன. விலா நொறுங்கியது. நஷ்டஈடு கேட்டு தோணி முதலாளி மேல் வழக்குப் போட்டோம். கயிறு நைந்திருக்கிறது என்று அன்று காலையிலேயே அத்தான் முதலாளியிடம் சொல்லியிருந்தார். அப்போது பக்கத்தில் வேறு ஆள் இல்லை. அதை அவர் வாயால் கோர்ட்டில் சொன்னால்தான் கேஸ் நிற்கும். இரண்டு வருடம் இழுத்தது. அதற்குள் இருமினால் ரத்தம் வர ஆரம்பித்துவிட்டது. விசாரணையை முந்தி வைக்கச் சொல்லி வக்கீல் மனு போட்டார். "ஆளக் கூட்டிட்டு வாங்க. ஜட்ஜு கண்ணால பாக்கட்டும்" என்றார்.

நான் அவருக்கு முகம் மழித்தேன். தலைக்கு எண்ணெய் வைத்தேன். "கெடக்குற மாதிரியே போவோம் அத்தான்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "ஏலே, பெரிய மனுசன் முன்னால பரதேசி மாதிரியா நிக்கச் சொல்லுத?" என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது.

வாசல்வரை என் தோளைப் பிடித்து வந்தார். உள்ளே நுழையும்போது கையை எடுத்துவிட்டார். நேராக நின்றார். ஜட்ஜ் மேலும் கீழும் பார்த்து, "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நல்லாருக்கேன் ஐயா" என்றார் அத்தான். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். எங்கள் வக்கீல் டாக்டர் சீட்டை நீட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். மனு தள்ளுபடி. வழக்கு வரிசைப்படியே வரும் என்றார்கள்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்த பிறகுதான் இருமினார். அதுவரை அடக்கியிருக்கிறார். "மாப்பிள்ள மாதிரி ஜோடிச்சுக் கூட்டியாந்தது யாருவே?" என்று வக்கீல் கத்தினார். நான்தான் என்றேன்.

மழைக்கு முன்னால் அத்தான் போய்விட்டார். சட்டைக் கையில் ரத்தக் கறை போகவில்லை. கையை மடித்துவிட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். அதைப் போட்டுத்தான் அடக்கம் செய்தோம். மழை விட்டபின் வழக்கு நாள் வந்தது. டவாலி மூன்று தரம் அவர் பேரைக் கூப்பிட்டான். அக்கா என்னைப் பார்த்தாள். "இல்ல" என்றேன்.

சாகக் கிடப்பவனுக்கு முந்தி நாள் கொடுக்க வேண்டும். உடம்பு எப்படி என்று அவனிடமே கேட்கக் கூடாது. டாக்டர் சீட்டைப் படித்தால் போதும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

போன மாதம் எனக்கு நெஞ்சு வலி. மகள் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

நல்லாருக்கேன் என்றேன்.