அயல்வீட்டுக்காரராக இருந்து நான் போட்ட புள்ளி

நான் டென்மார்க்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் பெட்யென்ட், அதாவது பணியாள். கதவு திறப்பது, கதிரை அடுக்குவது, புரொஜெக்டர் பொருத்திக் கொடுப்பது என் வேலை. படித்தது இலங்கையில் ஓ.எல். வரை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, மருத்துவபீட நேர்முகத் தேர்வு நாளில் நடந்த ஒன்றை எழுதிவைக்கிறேன்.

1. நடிகருக்குக் காய்ச்சல்

மருத்துவப் படிப்புக்குச் சிலரை ‘குவோட்ட 2’ என்ற வழியில் எடுப்பார்கள். அதில் பள்ளிப் புள்ளிச் சராசரியோடு ஆளையும் பார்ப்பார்கள். மணி அடிக்க அடிக்க மாணவர்கள் அறை மாறிப் போவார்கள். ஓர் அறையில் ஒரு நடிகர் அயல்வீட்டுக்காரராக இருப்பார். அவருடைய சைக்கிளை மாணவர் காரால் நசுக்கிவிட்டார் என்பது கதை. அதை அவரிடம் போய்ச் சொல்லவேண்டும். அவர் கத்துவார். மாணவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று மூலையில் ஒரு மருத்துவர் இருந்து பார்ப்பார்.

அன்றைக்கு நடிகருக்குக் காய்ச்சல். மூலையில் இருக்கவேண்டிய மருத்துவர் பிர்கித்த, அயல்வீட்டுக்காரர் வேண்டுமே என்று என்னைப் பார்த்தார். பின்னால் நிற்கும் யாரையோ பார்க்கிறார் என்று திரும்பினேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

எனக்குக் கத்த வராது. வீட்டிலும் வராது. முதல் மாணவன் சைக்கிள் செய்தியைச் சொன்னதும் மேசையைப் பார்த்தபடி பேசாமல் இருந்தேன். அவனுக்கு வியர்த்துவிட்டது. கத்துவதைவிட இது கடினம், இப்படியே இருங்கள் என்றார் பிர்கித்த.

ஒவ்வொருவரும் போனபின் எனக்கும் தாளில் ஒரு கேள்வி இருந்தது. இந்த ஆளிடம் நோயாளியாகப் போவீர்களா? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் புள்ளி போடவேண்டும்.

2. எங்கட பிள்ளை

மதியத்துக்குப் பிறகு இக்காஸ்ட் என்ற ஊரிலிருந்து ஒரு தமிழ்ப் பிள்ளை வந்தாள். அனுஜா என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் வந்தவுடன் கைகொடுத்து, கண்ணைப் பார்த்து, கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்கள். இவள் என் தமிழ் முகத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். தகப்பன் வயது ஆளுக்கு முன்னால், இருக்கச் சொல்லும்வரை நிற்பதுதான் எங்கள் வீட்டுப் பழக்கம். என்னுடையது பேசாத வேடம். நான் சொல்லவில்லை. அவள் இருக்கவில்லை.

நிலத்தைப் பார்த்தபடி, நான்தான் நசுக்கினேன், பின்னுக்குப் பார்க்கவில்லை என்று டேனிஷில் சொன்னாள். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். எழுத ஒன்றுமில்லை என்று பிர்கித்த பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

மணி அடிக்கப் போகும் நேரம் கேட்டாள்:

“நாளைக்கு வேலைக்கு எப்படிப் போவீர்கள்? காலையில் நான் கொண்டுபோய் விடவா?”

அதுவரை வந்தவர்கள் எல்லோரும் காப்புறுதியைப் பற்றித்தான் சொல்லியிருந்தார்கள்.

அவள் போனபின் புள்ளித் தாளை எடுத்தேன். ஐந்து போட்டால் தமிழ்ப் பிள்ளை என்பதற்காகப் போட்டதாகிவிடும். மூன்று போட்டால் அப்படி யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் போட்டதாகிவிடும். ஒரு புள்ளியில் அவளுடைய இடம் போகவும் கூடும். அவளும் தமிழ், நானும் தமிழ், என்னால் முடியாது என்று பிர்கித்தவிடம் சொன்னேன். அவளைத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் சொன்னார்:

“நானும் டேனிஷ், காலையிலிருந்து டேனிஷ்காரர்களுக்குப் புள்ளி போடுகிறேன். என்னை ஒருவரும் தடுக்கவில்லை. அவள் என்ன செய்தாள் என்று முதலில் எழுதுங்கள். புள்ளியைப் பிறகு போடுங்கள்.”

எழுதினேன். நேராகச் சொன்னாள். சாட்டுச் சொல்லவில்லை. முகத்தைப் பார்க்கவில்லை. நாளைக்கு நான் எப்படி வேலைக்குப் போவேன் என்று கேட்டாள். வாசித்துப் பார்த்து நான்கு போட்டேன். பார்க்காததற்கு ஒன்று குறைந்தது.

3. கார் நிறுத்துமிடத்தில்

வேலை முடிந்து வந்தபோது அவளுடைய தகப்பன் காருக்கு வெளியே நின்றார். அந்தத் தமிழ் ஆளைக் கண்டு எல்லாம் மறந்துபோச்சு, இடமும் போச்சு என்று மகள் உள்ளே அழுதுகொண்டிருந்தாள். தகப்பனுக்கு அதில் தமிழ் ஆள் என்பது மட்டும் கேட்டிருந்தது.

“தம்பி, உள்ளுக்க இருந்தது நீங்களோ?”

“ஓம் அண்ணை.”

“அப்ப பிள்ளைக்குக் கிடைக்கும்.”

“எனக்குத் தெரியாது.”

“தெரிஞ்சாலும் சொல்லமாட்டியள்.”

“ஓம்.”

மனுசன் விசயம் தெரிஞ்ச ஆள் என்று காருக்குள் இருந்த மனைவியிடம் சொல்லிக்கொண்டு காரை எடுத்தார்.

யூலைக் கடைசியில் முடிவு வந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. செப்டெம்பரில் அனுஜா என் மேசைக்கு வந்து லொக்கர் திறப்புக் கேட்டாள். மருத்துவபீட அட்டை கழுத்தில் தொங்கியது. உங்களால்தான் கிடைத்தது என்று அப்பா இக்காஸ்ட் முழுக்கச் சொல்லித் திரிகிறார் என்றாள். நீ என்ன நினைத்தாய் என்று கேட்டேன்.

“உங்களாலதான் கிடைக்காது எண்டு நினைச்சனான்.”

இரண்டும் பிழை என்று சொல்லித் திறப்பைக் கொடுத்தேன்.

இப்போது விண்ணப்பம் போடும் பங்குனி வந்தால் ரண்டர்ஸ் ஊர்த் தமிழரிடமிருந்தும் எனக்கு போன் வருகிறது. பிள்ளைக்கு வாய்ப்பு எப்படி என்று கேட்பார்கள். பிள்ளை என்ன செய்கிறது என்று நான் கேட்பேன். தகப்பன்மார் சராசரியைச் சொல்வார்கள். அது சரி, வேறு என்ன செய்கிறது என்று திரும்பவும் கேட்பேன். பொறுங்கோ, கேட்டுச் சொல்லுறன் என்று பிள்ளையைக் கூப்பிடுவார்கள். அவர்கள் பிள்ளையிடமே கேட்கட்டும் என்று நான் போனை வைத்துவிடுவேன்.