நாலேகால் மணி அழைப்பு

காலையிலேயே நடுவர் மைக்கில் சொல்லிவிட்டார்: ஆட்டத்துக்கு நடுவில் யாருடைய போன் அடித்தாலும் அவருக்குத் தோல்விதான். அப்படியிருந்தும், மத்தியானம் மகளிடம் பேசிவிட்டு, போனை அணைக்காமலே பைக்குள் போட்டிருக்கிறேன். தக்கலை கல்யாண மண்டபத்தில் நடந்த செஸ் போட்டியின் கடைசிச் சுற்று பாதி தாண்டிய பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

பை நாற்காலிக்குக் கீழே இருந்தது. நடுவர் பின்னால் நின்றார். குனிந்து பையைத் திறந்தால் திருட்டாட்டம் ஆடுவதாகத்தான் நினைப்பார். திறக்காவிட்டால் நாலேகாலுக்கு மஸ்கட்டிலிருந்து என் கணவர் கூப்பிடுவார். டூட்டி முடிந்ததும் கூப்பிடுவது அவர் வழக்கம், எடுக்கும்வரை விடமாட்டார். குளிக்கப் போனால்கூட முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகிற பிழைப்பு என்னுடையது.

ஜெயித்தால் மாவட்ட அணியில் இடம். ஆபீஸும் அடுப்படியுமாகக் கிடந்த எனக்கு அதைவிடப் பெரிய ஆசை அப்போது இல்லை.

எதிரே ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர். ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, பக்கத்துச் சிப்பாயையும் கொண்டுவந்து நிறுத்துகிற பழைய தொடக்கம். கறுப்புக் காய்களோடு நானும் பழைய பதிலையே ஆடினேன். அதில் ஒரு தொல்லை உண்டு. நம்முடைய பிஷப் ஒன்று நம் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே அடைபட்டுப் போகும். அதை வெளியே கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வந்தது. வந்த வேகத்தில் அவருடைய யானை ஒன்றையும் வெட்டியது. இனி முடிக்க வேண்டியதுதான் பாக்கி. மனிதரோ கன்னத்தில் கைவைத்து யோசிக்கிறார், யோசிக்கிறார், யோசித்துக்கொண்டே இருக்கிறார். பிடித்து உலுக்கலாம் போலிருந்தது.

நாலேகாலுக்குப் போன் அடித்தது. என் போனின் அதே மணிச்சத்தம். எல்லாரும் திரும்பிப் பார்ப்பதற்குள் மானமாக முடித்துக்கொள்வோம் என்று கையை நீட்டி, தோல்வியை ஒப்புக்கொள்வதாகச் சொன்னேன். அவர் குழம்பிப்போய்க் கைகொடுத்தார். சத்தம் நிற்கவில்லை. நாலைந்து மேசை தள்ளி ஒருவர் தன் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

நடுவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். கைகொடுத்த பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்.

இரணியலுக்குப் போகும் பஸ்ஸில் போனை எடுத்துப் பார்த்தேன். ஒரு அழைப்பும் வந்திருக்கவில்லை. நான் வீட்டுக்குப் போய் விளக்கேற்றிய பிறகுதான் என் கணவர் கூப்பிட்டார்.

"ஒனக்குக் களி உள்ள நாளாச்சே, எடையில விளிச்சா சல்லியமாயிருமேன்னுதான் விளிக்கல்ல. செயிச்சியா?"

ஆட்டத்துக்கு நடுவில் கூப்பிட்டால் எனக்குத் தொந்தரவாகிவிடும் என்றுதான் கூப்பிடவில்லையாம். இந்த மனிதர் ஒரு நாளாவது கூப்பிடாமல் இருக்கமாட்டாரா என்று எத்தனையோ தடவை அலுத்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குத்தானா கூப்பிடாமல் இருக்க வேண்டும், அதை முன்கூட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. தோற்றுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். எப்படித் தோற்றேன் என்று இதுவரை சொல்லவில்லை. சொன்னால் தாங்கமாட்டார்.