ஆணிக்குக் கீழே ஓர் இலை

மலாயாவின் சுதந்திரத்துக்குப் பிறகு வந்த முதல் பொங்கலின்போது நான் காஜா பெராங்கில், மலாக்கா செட்டிகளின் கம்பத்தில், அந்தக் கிராமத்து ஓவியர் ஒருவரின் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தேன். பகலில் அவர் சினிமாக் கொட்டகைக்கு விளம்பரப் பலகை தீட்டுவார். மாலையில் தமிழ்ப் பாட்டுகளைப் படமாக்குவார். முன்னோர் தமிழ் வணிகர்கள்தான், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. அந்த வீட்டில் பேச்செல்லாம் மலாய். இங்கே தமிழில் தருகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியனான நான், அவர்கள் பேச்சில் ‘சிக்கு’, பாட்டைப் படித்துப் பொருள் சொல்வேன்.

"பொருள் அப்புறம், சிக்கு. இன்னொரு தடவ படிங்க" என்று கண்ணை மூடிக்கொள்வார்.

அவர் மனைவி ஜப்பான்காரன் காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். இருந்த ஒரே புகைப்படமும் அப்போதே தொலைந்துவிட்டது. போகியன்று அந்த வீட்டில் பார்ச்சு வைப்பார்கள். சுவரிலிருக்கும் முன்னோர் படங்களுக்குக் கீழே ஆளுக்கோர் இலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, பிடித்ததைப் படைத்து, வந்தவர்கள் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பார்கள். மனைவியின் இடத்தில் வெறும் ஆணிதான் இருந்தது. படமில்லாததால் அவள் வழி தெரியாமல் வாசலிலேயே நிற்கிறாள் என்று அவர் நம்பினார்.

"குரல் ஞாபகம் இருக்கு, சிக்கு. நடக்கிற சத்தம்கூட இருக்கு. முகம்தான் போயிடுச்சு. ஏதாவது பாட்டு படிங்க, வருதா பாப்போம்."

காத்திருக்கும் பெண்ணைப் பற்றிய பழைய பாட்டொன்றைப் படித்தேன். நெற்றி பிறை, கண் கயல்.

"கயல்னா எந்த மீன்?"

"ஆத்து மீன்னு நினைக்கிறேன்."

மறுநாள் சந்தைக்குப் போய் மீன்களை வரைந்துகொண்டு வந்தார். போகிக்கு முதல் நாள் படம் முடிந்தது. அறையில் எங்கே நின்றாலும் அந்தப் பெண் நம்மையே பார்த்தாள். அடுத்த வீட்டிலிருந்து அவருடைய அக்கா வந்தார்.

"அடோய், யாருடா இவ?"

"அவதான், அக்கா."

"அவளா? அவளுக்கு மேல்பல்லு தூக்கல். நீயே எத்தன தடவ கிண்டல் பண்ணிருக்க! இவ யாரோ மகாராணி. இத மாட்டினா நாளைக்கு இவதான் வந்து உக்காருவா. நம்ம வீட்டுப் பொண்ணு வெளிய நின்னு பாத்துட்டு இருக்கணுமா?"

அவர் தூரிகையை எடுத்தார். பல் வரவில்லை. படத்தை எடுத்துச் சுவரோரம் திருப்பி வைத்தார்.

மறுநாள் அக்கா வெறும் ஆணிக்குக் கீழே இலை போட்டு, கத்திரிக்காய் சம்பல் வைத்தார். போகத் திரும்பியவர் நின்றார். சுவரோரப் படத்தை முன்பக்கம் திருப்பி, அதன் முன்னால் இன்னோர் இலை போட்டார்.

"கூப்பிட்டாச்சு, வந்துட்டா. பசியோட அனுப்பறது நல்லதில்ல. நீங்கதான சிக்கு பாட்டு படிச்சு இவளக் கூட்டிட்டு வந்தீங்க? தண்ணிய நீங்களே ஊத்துங்க."

ஊற்றினேன். குவளையை அந்த இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

கதவைச் சாத்துமுன் ஓவியர் வாசற்படியில் நின்று மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெயரை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன். பிறகு சாத்திய கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். மெழுகுவத்தி பாதி எரிந்திருக்கும் நேரத்தில் நிமிர்ந்தார்.

"வந்துட்டா, சிக்கு. அவ நடைதான்."

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஓவியர் மறுபடி காதை வைத்தார்.

"கூட இன்னொருத்தியும் நடக்கிறா" என்றார்.

பிறகு கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார்கள். நான் ஊற்றிய குவளையை அக்காதான் போய் எடுத்து வந்தார். அந்தப் பெண் என்னைப் பார்ப்பாள் என்று நான் உள்ளே போகவில்லை.