காற்று எந்தப் பக்கம்

கல்லூரி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது என் வேலை. பங்குனி மாதத்தில் மாலை நாலரை ஆனால் மேற்குக் காற்று கணவாய் வழியாகப் பாய்ந்து வரும். அதனால் டாஸுக்கு முன்னால், எந்தப் பக்கம் எடுப்பதென்று எங்கள் கால்பந்து கேப்டன் என்னிடம் கேட்பான். பேசக் கூச்சப்படும் எனக்கு அது ஒன்றுதான் மரியாதை.

வெளியூரிலிருந்து புதிதாக வந்த கோச் அதை நிறுத்தினார். “நாலாங்கிளாஸ்காரன்கிட்டயா யோசனை கேக்கறது? சுண்ணாம்பைக் கொட்டிட்டு ஓரமாப் போடா!” பையன்கள் சிரித்தார்கள். சீசன் முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை.

பங்குனியில் இறுதி ஆட்டம், மாலை மூன்றே முக்காலுக்கு, எங்கள் மைதானத்தில் நடந்தது. எதிரணிக் கேப்டன் என்னிடம் வந்து, “ஏனுங்கண்ணா, எந்தப் பக்கம் எடுத்தாத் தேவலைங்க?” என்று கேட்டான்.

“மொதப் பாதிக்குக் கெழக்கு கோலை எடுங்க. அடுத்த பாதியில காத்து உங்க முதுகுல இருக்கும்” என்றேன்.

டாஸ் அவனுக்கே விழுந்தது. இடைவேளைக்குப் பின் எங்கள் கோல்கீப்பர் உதைத்த பந்து காற்றில் நின்று அவனிடமே திரும்பியது. மூன்று கோல் வாங்கித் தோற்றோம்.

“காத்து இப்படி அடிக்கும்னு சொல்லக் கூடாதாடா?” என்று கோச் கத்தினார்.

“நீங்க கேக்கலைங்களே சார்.”

அடுத்த சீசனுக்கு அவரை வேண்டாமென்றார்கள். அவர் பெட்டியோடு பஸ் ஏறுவதைப் பார்ப்பதற்கென்றே எதிர்க்கடையில் நின்று நிதானமாக டீ குடித்தேன்.