குழாய்க் கேள்விக்கு இரண்டு மதிப்பெண்

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் ஒரு சிறு மையத்தில் குழந்தைகளின் அறிவுத்திறனை அளக்கும் வேலை பார்த்தேன். அளப்பதாவது, மண்ணாவது. எங்கேயோ எவரோ எழுதிய கையேடு, அதில் கேள்வி, எதிரே சரியான விடை. அவ்வளவுதான்.

அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து எட்டு வயதுப் பெண் ஒருத்தியை அவள் அம்மா கூட்டி வந்தாள். பாடம் ஏறவில்லை; மூளை வளரவில்லை என்று எங்களிடம் எழுதி வாங்கி வந்தால் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்று வகுப்பு டீச்சர் சொல்லியிருந்தாராம்.

"குழாய்ல தண்ணி நிக்காம கொட்டறது. நீ என்ன பண்ணுவே?" என்று கேட்டேன்.

"கொடத்த வெப்பேன். ஓடிப்போயி அம்மாவ இட்டாருவேன். பக்கத்தூட்டு அக்காகிட்டயும் சொல்வேன்."

'குழாயை மூடுவேன்' என்றால் இரண்டு மதிப்பெண், மற்றதெல்லாம் சைபர் என்றது கையேடு. நான் விடவில்லை, மேலே கேட்டேன். தெருவில் எத்தனை குடம், தன்னுடையது எத்தனையாவது, நடுவில் நுழைவது யார் என்று விரல்விட்டுச் சொன்னாள். "தண்ணி லாரி வர்றதுக்கு மின்னாடியே கல்லு வெச்சி எடம் புட்ச்சிருவேன்" என்றாள். இரண்டு போட்டேன்.

மையத்தின் தலைவர் தாளைப் பார்த்தார். "உன் இஷ்டத்துக்கு மார்க் போட நீ யாரும்மா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த இரண்டைக் கழித்தால் அவள் கோட்டுக்குக் கீழே போய்விடுவாள். மனவளர்ச்சி குன்றியவள் என்ற முத்திரை ஆயுசுக்கும் போகாது.

"உங்காத்துல தண்ணி எப்போ வரது சார்?"

"விடிகாலம் நாலரைக்கு. அதுக்கென்ன இப்போ?"

"வந்ததும் மூடிட்டுப் படுத்துப்பேளா?"

"அது வேற. இது டெஸ்ட். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வேண்டாம் சார். சோதிச்சவ நான். நான் போடறேன்."

மார்க் போட்டது தப்பு என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒரு மாதம் நச்சரித்தார். கொடுக்கவில்லை. பைல் அடுக்கும் வேலைக்குத் தள்ளினார். அடுக்கினேன், போங்கள். இன்றைக்கு அதே விடை வந்தாலும் அதே இரண்டுதான் போடுவேன்.

அன்று வெளியே வந்து, "உங்க பொண்ணுக்கு ஒரு குறையும் இல்லம்மா, கெட்டிக்காரி" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். கையெடுத்துக் கும்பிடுவாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவள் என்னை முறைத்தாள்.

"பெத்தவ எனுக்குத் தெரியாதா? இஸ்கோல்லதான் தெரில. அத்த பேப்பர்ல எயுதிக் குடு."